பழைய குரோஷா பேட்டர்னும் சுட்ட விரலும்

அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு பழைய குரோஷா புத்தகம் கிடைத்தது. அதில் சூடான பாத்திரம் பிடிக்கிற துணி ஒன்று இருக்க, பின்னிப் பார்த்தேன். பால் பாத்திரத்தை இறக்கியதும் விரல் சுட்டது. பின்னல் முழுக்க ஓட்டை!

தப்பு புத்தகத்தில் இல்லை, நான் படித்த விதத்தில். பிரிட்டிஷ் பேட்டர்னில் 'டபுள் குரோஷே' என்பது குட்டையான, நெருக்கமான பின்னல். அமெரிக்காவில் அதற்குப் பெயர் 'சிங்கிள்'. அவர்களுடைய 'டபுள்' வேறு: ஊசியில் முதலிலேயே நூலை ஒரு சுற்று சுற்றி ஆரம்பிப்பது. உயரம் கூடும், இடைவெளியும் கூடும். யூட்யூபில் பழகிய நான் அதைத்தான் போட்டிருந்தேன். ஒரே பெயர், இரண்டு அர்த்தம். எங்க தொழிலில் தினமும் பார்க்கிற பக்!

நம்ம வீடுகளில் பிரிட்டிஷ் பேட்டர்ன் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் தொடங்கிய கோட்ஸ் கம்பெனி நூலோடு பேட்டர்ன் புத்தகங்களும் போட்டது. 1974-ல் உருவான மதுரா கோட்ஸ் பெயரில் இருப்பதும் அதே கோட்ஸ்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? 'டென்ஷன்', 'மிஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ். 'கேஜ்', 'ஸ்கிப்' என்றால் அமெரிக்கன்.

இன்னொன்று, அக்ரிலிக் நூல் வேண்டாம். அதிகச் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். பருத்தி நூலில் இரண்டு அடுக்காகப் பின்னுங்க. ஈரத்துணியால் பிடிக்காதீங்க, சூடு சட்டென்று ஏறும்.

தாம்பரம் போய்ப் பருத்தி நூல் வாங்கி வந்து மறுபடி பின்னினேன். இப்போ காட்டாங்குளத்தூர் வீட்டில் அம்மா அதை வைத்துத்தான் பால் இறக்குறாங்க.