வாகன எஞ்சினில் புதிய சத்தம்: எப்போது ஓட்டலாம், எப்போது நிறுத்த வேண்டும்?

மீளக் குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வாகனமே வருமானத்தின் வழி. முச்சக்கரவண்டி, வான், சிறிய லொறி, லாண்ட்மாஸ்டர் என எதுவாக இருந்தாலும், அது ஒரு வாரம் நின்றால் வீட்டுச் செலவு தடுமாறும். வன்னியில் ஓடும் வாகனங்களில் பல பழையவை. சில, இடப்பெயர்வின்போது கைவிடப்பட்டு, வெயிலிலும் மழையிலும் நீண்ட காலம் நின்ற பின்னர் உரிமையாளரிடம் திரும்பியவை. கிரவல் வீதியின் தூசியும் குழிகளும் அவற்றுக்கு மேலும் சோதனை.

எஞ்சின் பழுதாவதற்கு முன்னர் பெரும்பாலும் சத்தம் மாறும். சில சத்தங்களோடு கராஜ் வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். வேறு சில சத்தங்கள் கேட்டால், கேட்ட இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால் சிறிய செலவோடு முடியும் வேலை, எஞ்சினையே மாற்றும் வேலையாக வளராது. இதற்கு மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வாகனத்தைத் தாங்கள் ஓட்டாமல் ஒரு சாரதியிடம் கொடுத்து வருமானம் பெறும் பெண்களுக்கும் இது உதவும்.

நீண்ட காலம் நின்ற வாகனத்தை இயக்குவதற்கு முன்

முதலில் வாகனம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணிவெடி அகற்றி முடிக்கப்படாத பகுதியில் நிற்கும் வாகனத்தின் அருகே செல்லாதீர்கள். அதற்குள்ளோ அடியிலோ வெடிக்காத பொருட்கள் இருக்கலாம். சந்தேகமான எதையும் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்த வாகனத்தையும் உடனே ஸ்ரார்ட் செய்ய வேண்டாம். தள்ளியோ இழுத்தோ ஸ்ரார்ட் செய்வது இன்னும் ஆபத்து. கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. அந்த ஒயிலுடன் எஞ்சினை இயக்கினால் பேரிங்குகள் தேயும். தண்ணீர் எப்படிக் கலந்தது என்று மெக்கானிக் பார்த்த பின்னர், ஒயிலையும் பில்ரரையும் மாற்றுங்கள்.

2. தாங்கியில் உள்ள பழைய எரிபொருளை வெளியேற்றுங்கள். நீண்ட நாள் நின்ற பெற்றோல் கெட்டுப் பிசின்போல் படியும். டீசல் தாங்கியின் அடியில் தண்ணீர் தேங்கும்.

3. காற்று பில்ரர் பெட்டியையும் சைலன்சர் குழாயின் வாயையும் பாருங்கள். எலி, குளவி ஆகியவை அங்கு கூடு கட்டியிருக்கலாம். எலி கடித்த வயர்களையும் தேடுங்கள்.

4. மெக்கானிக்கைக் கொண்டு பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிதளவு ஒயில் விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். டீசல் எஞ்சினில் இன்ஜெக்ரர்களைக் கழற்றி இதைச் செய்வார்கள். பின்னர் கிராங் கப்பியில் ஸ்பானர் பூட்டிக் கையால் சுற்ற வேண்டும். எஞ்சின் தடையின்றிச் சுற்றினால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லலாம். சுற்றாவிட்டால் பலவந்தம் செய்ய வேண்டாம்.

5. றப்பர் ரைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அதைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் றப்பர் காலத்தால் வெடிக்கும். ஓடும்போது அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

சத்தத்தைக் கேட்பது எப்படி?

"ஒரு மாதிரிச் சத்தம் வருகிறது" என்று சொன்னால் மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டிவரும். கூலியும் கூடும். கராஜுக்குப் போவதற்கு முன்னர் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

வாகனம் நிற்கும்போதும் வருகிறதா? கியரை நியூற்றலில் வைத்து, கை பிறேக்கை இழுத்து, எஞ்சின் வேகத்தைச் சற்றுக் கூட்டுங்கள். சத்தமும் கூடினால் அது எஞ்சினோடு சேர்ந்தது. வாகனம் உருளும்போது மட்டும் வந்தால் சில்லு, பிறேக், அச்சு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எப்போது வருகிறது? காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போதா, சூடான பின்னரா, பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதா?

எங்கிருந்து வருகிறது? முன்பக்கம் பெல்ட் உள்ள இடமா, மேலே வால்வு மூடிப் பக்கமா, கீழே ஒயில் சம்ப் பக்கமா?

கிளச்சை மிதித்தால் மாறுகிறதா? மிதிக்கும்போது சத்தம் தொடங்கினால் கிளச் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது நின்றால் கியர் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடத்தைச் சரியாக அறிய மெக்கானிக்குகள் நீண்ட ஸ்குறூ டிறைவரின் பிடியைக் காதோரம் வைத்து, நுனியை எஞ்சினின் அசையாத பகுதியில் வைத்துக் கேட்பார்கள். உலர்ந்த நீண்ட தடியும் போதும். நீங்கள் செய்வதானால் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகாதீர்கள். சேலை முந்தானை, சாரம், அவிழ்ந்த தலைமுடி ஆகியவற்றைக் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து சுத்தியலால் தட்டுவது போல "டொக் டொக்" என்று கனமாகக் கேட்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. பாரம் இழுக்கும்போது இது கூடும். கிராங் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன அல்லது அங்கே ஒயில் போய்ச் சேரவில்லை என்பதே இதன் பொருள். ஆரம்பத்தில் நிறுத்தினால் பேரிங் மாற்றுவதோடு முடியலாம். தொடர்ந்து ஓட்டினால் கிராங் தண்டு கீறுப்பட்டு, அதைக் கழற்றிக் கடைச்சல் பட்டறைக்கு அனுப்ப வேண்டிவரும். இன்னும் ஓட்டினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு உடைந்து எஞ்சின் உடலைத் துளைத்துவிடவும் கூடும். "கிளிநொச்சி வரைதானே, ஓடிவிடலாம்" என்று நினைக்க வேண்டாம். நிறுத்தி, இன்னொரு வாகனத்தில் கட்டி இழுத்துச் செல்லுங்கள். அந்தச் செலவு, கெட்டுப்போகும் எஞ்சினின் விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது.

ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தாலும், சத்தம் எதுவும் இல்லாவிட்டாலும்கூட, இதே விதிதான். திறப்பைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிந்து, எஞ்சின் இயங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும். திறப்பைத் திருப்பியும் எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம் அல்லது வயர் அறுந்திருக்கலாம். அப்படியான வாகனம் உங்களுக்கு எச்சரிக்கை தராது. நீண்ட காலம் நின்ற வாகனங்களில் இதை முதலிலேயே திருத்திக்கொள்ளுங்கள்.

ஒயில் விளக்கே இல்லாத எஞ்சின்களில் தினமும் காலையில் அளவுக் கம்பியைப் பார்ப்பதே ஒரே காவல். பெற்றோலில் ஒயில் கலந்து ஓடும் பழைய முச்சக்கரவண்டிகளில் கலவை அளவு குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். எஞ்சின் இழுவை குறைந்து, இறுகியது போல முனகினால் உடனே நிறுத்துங்கள்.

விரைவில் பார்க்க வேண்டிய சத்தங்கள்

முன்பக்கத்தில் "கீச்" என்ற சத்தம்: பெல்ட் தளர்ந்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு கப்பிகளுக்கு இடையே பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். பொதுவாக 10 மில்லிமீற்றர் அளவே உள்ளே போக வேண்டும். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். பல வாகனங்களில் இதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் பற்றறி விளக்கு எரியும், எஞ்சினும் சூடேறும். அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

முன்பக்கத்தில் அரைப்பது போன்ற சத்தம்: தண்ணீர் பம்பின் அல்லது டைனமோவின் பேரிங் போயிருக்கலாம். எஞ்சின் நின்ற பின்னர் கப்பியைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ பம்பின் அடியில் தண்ணீர் கசிந்தாலோ பம்பை மாற்ற வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மேலே "டிக் டிக்" என்ற மெல்லிய சத்தம்: முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அளவு சரியாக இருந்தால் வால்வு இடைவெளி கூடியிருக்கும். மெக்கானிக் அதைச் சரிசெய்வது பெரிய வேலையில்லை. குளிர் நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் கேட்டு மறைந்தால் அவசரம் இல்லை.

"புஸ் புஸ்" என்று காற்று அடிப்பது போன்ற சத்தம்: புகைக் குழாயில் ஓட்டை அல்லது எஞ்சினோடு அது பொருந்தும் இடத்தில் கசிவு. எஞ்சின் ஓடுவதைப் பாதிக்கவில்லை என்று இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் புகையில் காபனோரொட்சைட்டு வாயு உண்டு. அதற்கு மணமோ நிறமோ இல்லை. யன்னல் மூடிய வானுக்குள் அது சேர்ந்தால் தலைவலி, வாந்தி, மயக்கம் வரும், உயிரும் போகலாம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான்களில் இதை ஒத்திப்போடக் கூடாது. கசிவுள்ள வாகனத்துக்குள் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது.

மேட்டில் ஏறும்போது "கிலுகிலு" என்ற சத்தம்: ஆணிகள் நிறைந்த தகரப் பேணியைக் குலுக்குவது போலக் கேட்கும். பெற்றோல் சரியான நேரத்தில் எரியவில்லை என்பதன் அடையாளம் இது. பிளக் எரியும் நேரம் முந்தியிருக்கலாம், எஞ்சின் சூடேறியிருக்கலாம், பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் கார்களையே மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்கள் நாங்கள். சிறிதளவு பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கெட்டித்தனம் அன்று உயிர்களைக் காத்தது. ஆனால் எஞ்சின்கள் அதற்கு விலை கொடுத்தன. மண்ணெண்ணெய் முழுமையாக எரியாமல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பெற்றோல் கிடைக்கும்போது, விலை குறைவு என்பதற்காக மட்டும் அதைக் கலக்க வேண்டாம். டீசலிலும் கலக்க வேண்டாம். டீசல் பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே ஒயிலாகவும் பயன்படுகிறது.

டீசல் எஞ்சின் இயல்பாகவே தட்டும் சத்தத்தோடுதான் ஓடும். வழக்கமான தாளத்தில் ஒரு தட்டு மட்டும் உரக்கக் கேட்டு, கரும்புகையும் வந்தால் ஓர் இன்ஜெக்ரர் பழுதாகியிருக்கலாம்.

"பட்" என்ற வெடிச் சத்தம்: சைலன்சருக்குள் எரியாத பெற்றோல் தீப்பிடிப்பதால் வருவது. பிளக், கரண்ட் நேரம், காபுரேற்றர் ஆகியவற்றைச் சரிபார்த்தால் நிற்கும். எஞ்சினுக்கு இது பெரும்பாலும் அவசரமான பழுதாக இருக்காது. ஆனால் எங்கள் கிராமங்களில் இந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடி ஒளிந்ததும், முதியவர்கள் நிலத்தில் படுத்ததும் உண்டு. அயலவர்களுக்காக இதை முதலில் திருத்திவிடுங்கள்.

கராஜில் கவனிக்க வேண்டியவை

● மேலே சொன்ன நான்கு கேள்விகளின் விடைகளை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். சாரதி வேறொருவர் என்றால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

● எஞ்சினைத் திறப்பதற்கு முன்னர், என்ன பழுது என்று சந்தேகிக்கிறார்கள், உதிரிப்பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கேளுங்கள். பெரிய வேலை என்றால் இன்னொரு கராஜிலும் கேட்டுப் பாருங்கள்.

● மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பத் தரும்படி முன்கூட்டியே சொல்லுங்கள்.

● திகதி, ஓடிய கிலோமீற்றர், செய்த வேலை ஆகியவற்றுடன் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். உதவித் திட்டத்தின் கீழ் கிடைத்த வாகனம் என்றால் அது கணக்குக்கும் தேவைப்படும்.

● வேலை முடிந்ததும் மெக்கானிக்கோடு ஏறி ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். முதலில் கேட்ட அதே நிலையில், அதாவது குளிரில் கேட்டிருந்தால் குளிரில், மேட்டில் கேட்டிருந்தால் மேட்டில், சத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்த பின்னரே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

தினமும் காலையில், எஞ்சினை இயக்குவதற்கு முன்னர்: ஒயில், றேடியேற்றர் தண்ணீர், பெல்ட், வாகனத்தின் அடியில் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். பின்னர் எஞ்சினை இயக்கி, வானொலியைப் போடாமல் ஒரு நிமிடம் கேளுங்கள். நல்ல நாளில் உங்கள் எஞ்சின் எப்படி ஒலிக்கும் என்பது பழகிவிட்டால், மாறிய நாளை நீங்களே முதலில் அறிவீர்கள்.