கலைக்குத் தனி அலைவரிசை: கிடைத்தது என்ன, இழந்தது என்ன?

புது தில்லி: ஓவியத்தையும் கட்டடக் கலையையும் நடனத்தையும் தொலைக்காட்சியில் காட்டினால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு 1990-களிலேயே விடை கிடைத்துவிட்டது. அந்த விடையை மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தவர்கள் தபால்காரர்கள்.

தூர்தர்ஷனில் 1990-ல் தொடங்கிய "சுரபி' நிகழ்ச்சியை சித்தார்த் காக் தொகுத்து வழங்கினார், பின்னர் ரேணுகா ஷஹானேயும் இணைந்தார். நாட்டுப்புற ஓவியம், பழைய நகரங்களின் கட்டடங்கள், நடனம், கைவினை என நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கலைகள் அதில் இடம்பெற்றன. அதில் கேட்கப்படும் வினாக்களுக்கு நேயர்கள் அஞ்சலட்டையில் விடை அனுப்பினர். ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் வந்தது லிம்கா சாதனை நூலில் இடம்பெற்றது. 15 காசு மானிய விலை அட்டைகள் இவ்வாறு குவிந்ததை அடுத்து, 2 ரூபாய் விலையில் "போட்டி அஞ்சலட்டை'யை அஞ்சல் துறை அறிமுகப்படுத்தியது.

சட்டம் விதித்த கடமை

அதே 1990-ல்தான் நாடாளுமன்றம் பிரசார் பாரதி சட்டத்தை நிறைவேற்றியது. பல்வேறு பகுதிகளின் பண்பாட்டுக்கும் மொழிகளுக்கும் போதிய இடமளிப்பதை அரசு ஒலி, ஒளிபரப்பின் கடமைகளில் ஒன்றாக அச்சட்டத்தின் 12-வது பிரிவு குறிப்பிடுகிறது. ஆனால், சட்டம் நடைமுறைக்கு வந்தது 1997-ல். அதற்குள் தனியார் தொலைக்காட்சிகள் பெருகி, விளம்பர வருவாய்க்குத் தூர்தர்ஷனும் போட்டியிட வேண்டியதாயிற்று. 2001-ல் "சுரபி' முடிவுக்கு வந்தது.

2002 ஜனவரி 26-ல் கலை, பண்பாட்டுக்கென "டிடி பாரதி' தொடங்கப்பட்டது. கலைக்கு நாள் முழுவதும் நேரம் கிடைத்தது. ஆனால், பழைய நேயர் கிடைக்கவில்லை. செய்திக்கும் திரைப்படத்துக்கும் இடையே தற்செயலாக ஓர் ஓவியரைச் சந்தித்தவர் அவர். தனி அலைவரிசையைத் தேடிச் செல்பவரோ ஏற்கெனவே ஆர்வம் கொண்டவர்.

தனியார் தொலைக்காட்சிகள் நாள்தோறும் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப வேண்டும் என 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கல்வி, வேளாண்மை, சுகாதாரம் உள்ளிட்ட கருப்பொருள்களுடன் பண்பாட்டு மரபின் பாதுகாப்பும் அதில் உண்டு. எனினும், கலைக்கெனத் தனி நேரம் வரையறுக்கப்படவில்லை.

பிரசார் பாரதிக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு உண்டு. மானியக் கோரிக்கை விவாதத்தில் வருவாய்க் கணக்கோடு இன்னொரு கணக்கையும் உறுப்பினர்கள் கேட்கலாம்: முதன்மை அலைவரிசையில், குடும்பமே கூடியிருக்கும் இரவு நேரத்தில், கலைக்கு வாரம் எத்தனை நிமிடம்?