எந்த லைன் போச்சு?

போர்ட் கிள்ளான் கடைவரிசைகளின் மாடிகளில் ஃபார்வர்டிங் ஆபீஸ்களுக்குப் பஞ்சமில்லை. உள்ளே நாலைந்து கம்ப்யூட்டர் இருக்கும். அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடப் பத்து வயதாவது மூத்தது. கஞ்சத்தனத்தால் அதை வைத்திருக்கவில்லை. மூன்று பிரதி ஒரே அடியில் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், அதன் முதுகில் உள்ள அகலமான பேரலல் போர்ட்டில்தான் மாட்டியிருக்கிறது. பழைய கணக்கு மென்பொருளும் அதற்குள்தான். சுங்கத்தின் கே1, கே2 பாரங்கள் கம்ப்யூட்டர் வழியாகவே போய்ச் சேரத் தொடங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. பில்லும் டெலிவரி ஆர்டரும் மட்டும் இன்னும் அந்தக் கிழட்டு மெஷினை விடுவதாக இல்லை.

அப்படி ஓர் ஆபீசிலிருந்து ஒரு நாள் காலை போன். “அண்ணே, லைன் இல்லண்ணே.”

எங்கள் பக்கத்தில் இந்த ஒரு சொல் மூன்று நோய்க்குப் பெயர். இணையம் வராவிட்டாலும் லைன் இல்லை. பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரின் ஃபோல்டர் திறக்காவிட்டாலும் லைன் இல்லை. பிரின்டர் ஊமையானாலும் லைன் இல்லை. ஆகவே எதையும் தொடும் முன், எந்த லைன் என்று கேட்டுவிட வேண்டும். ஃபோல்டர் திறக்கிறது, இணையம் மட்டும் இல்லை என்றால் ஆபீசுக்குள் ஓடும் நெட்வொர்க் பெரும்பாலும் நலமாக இருக்கிறது. இணைய நிறுவனத்துக்குப் போன் போடலாம். இணையம் வருகிறது, ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் அந்த மெஷினின் வயர் மேல் பழி போட முடியாது. இரண்டும் இல்லை என்றால்தான் மேசைக்கு அடியில் குனிய வேண்டும்.

குனிந்தால் முதலில் பார்க்க வேண்டியது விளக்கு. வயர் மாட்டிய இடத்தில் கம்ப்யூட்டர் பக்கமும், எல்லா வயரும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியின் பக்கமும் சின்னப் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா? சுவிட்சில் வேறு துளைக்கு மாற்றுங்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்து மெஷினின் வயரைக் கடன் வாங்கி மாட்டுங்கள். இந்த இரண்டு காரியத்துக்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. கடற்காற்றில் உலோக முனைகள் பாசி பிடித்ததுபோல் பச்சையேறும், எலி கடிக்கும், நாற்காலிச் சக்கரம் ஏறும், பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து வயர் மெல்ல நழுவும். பிற்பகல் இடிக்குப் பிறகு சுவிட்சில் ஒரு துளை மட்டும் செத்துப்போவதும் இங்கே சகஜம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கே மிதந்ததைப் பார்த்த பிறகும் சுவிட்சைத் தரையில் வைத்திருப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வயரில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்குள் எட்டு இழை. பழைய நெட்வொர்க் கார்டு ஓடும் 100 மெகாபிட் வேகத்துக்கு நாலே இழை போதும்: 1, 2, 3, 6. புதிய மெஷின்களின் கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நாலில் ஒன்று அறுந்திருந்தால் பழைய கம்ப்யூட்டர் அந்த வயரில் ஜம்மென்று ஓடும். அதே வயரைப் புதியதில் மாட்டினால் சில கார்டுகள் தாமாக 100க்கு இறங்கிவிடும். சில விளக்கே எரியாமல் அடம் பிடிக்கும். “பழசு ஓடுது, புதுசு ஓடல” என்று புது மெஷினைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். பத்து ரிங்கிட் வயரின் குற்றம் அது.

ஆபீஸ் முழுவதும் ஒரே நேரத்தில் நின்று, சுவிட்சின் எல்லா விளக்கும் வெறி பிடித்ததுபோல் மின்னினால், பெருக்கித் துடைத்த யாரோ தரையில் கிடந்த வயரின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகியிருக்கலாம். அனுப்பிய செய்தி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து எல்லாரையும் மூழ்கடிக்கும். தீபாவளிச் சுத்தத்துக்குப் பிறகு இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரிகிறது, வேலை நடக்கவில்லை என்றால் எண்ணைப் பார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்த மெஷினின் முகவரி வரும். அது 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அந்த எண்ணோடு இணையத்துக்குப் போக முடியாது. பழைய ஸ்ட்ரீமிக்ஸ் இணையக் காலத்து ரௌட்டர் பெட்டியை, துளை கூடுதலாகக் கிடைக்குமே என்று புதிய ரௌட்டரோடு சேர்த்து மாட்டி வைத்திருந்தாலும் ஆபத்து. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முகவரி கொடுத்துக் குழப்பும்.

நம் காலை போனுக்கு வருகிறேன். மூன்று புதிய மெஷினிலும் இணையம் வருகிறது. பழைய மெஷினின் ஃபோல்டர் மட்டும் யாருக்கும் திறக்கவில்லை, பிரின்டரும் இல்லை.

“என்ன மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தலண்ணே.”

“நேத்து யாராச்சும் வந்தாங்களா?”

“ரௌட்டர் மட்டும் புதுசு போட்டுட்டுப் போனாங்க.”

‘மட்டும்’ என்ற சொல்லில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. பழைய ரௌட்டர் 192.168.1 என்ற வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. புதியது கொடுப்பது 192.168.0 வரிசை. புதிய மெஷின்கள் கேட்டு வாங்குகிறவை என்பதால் சத்தமில்லாமல் மாறிவிட்டன. பழைய மெஷினுக்கு முன்பு யாரோ கையால் 192.168.1.50 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே சுவிட்ச், ஒரே அறை. ஆனால் தெருப் பெயர் வேறாகிவிட்டதால் ஒருவரை ஒருவர் தெரியாது. மூன்றாவது எண்ணைத் திருத்தினேன். புதிய ரௌட்டர் மற்றவர்களுக்குக் கொடுக்கும் வரிசைக்குள் 50 வராதபடி பார்த்துக்கொண்டேன். பக்கத்து மெஷினிலிருந்து பிங் என்ற கட்டளையால் அந்த எண்ணைக் கூப்பிட்டபோது பதில் வந்தது. ஃபயர்வால் தடுத்தாலும் பிங்குக்குப் பதில் வராது என்பதால், பதில் இல்லை என்றவுடன் மெஷின் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் கோளாறு பெயரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

வயர், எண் எல்லாம் சரியாக இருந்தும் புதியது பழையதைத் திறக்க மறுப்பதும் உண்டு. அது கோளாறு இல்லை, கொள்கை. பழைய மெஷின்களில் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி, ஃபோல்டர் பகிரும்போது பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய மொழி. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, அந்த மொழியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டுக் கடைசியிலிருந்து புதிதாக நிறுவிய விண்டோஸ் 10 பதிப்புகள் பலவற்றில் அந்த மொழி இயல்பாக இருப்பதில்லை. விண்டோஸ் 7 அடுத்த மொழியும் அறிந்தது என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. புதிய மெஷினில் எஸ்எம்பி 1ஐத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவது ஐந்து நிமிட வேலை. பலர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் ஆதரவை நிறுத்திவிட்டது. ஃபைல்களைப் புதிய மெஷினுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் வயர் போட்டு, பிரின்டர் அதற்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கணக்கு மென்பொருளுக்காகப் பழையதை வைத்தே ஆகவேண்டுமென்றால் இணையம் எட்டாதபடி வையுங்கள்.

மற்றவை சில்லறை. எக்ஸ்பி புரொஃபெஷனல் ஒரே நேரத்தில் 10 பேரையும், ஹோம் 5 பேரையும்தான் உள்ளே விடும். பிந்தி வந்தவருக்கு மட்டும் கதவு சாத்தினால் காரணம் அது. கரண்டை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்கு ஓடினால் உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரியை மாற்றுங்கள். தேதி தப்பானால் பல இணையத்தளங்கள் திறக்காது, அதையும் ‘லைன் இல்லை’ என்பார்கள்.

அந்த ஆபீசின் பழைய மெஷின் நெற்றியில் இப்போது மாஸ்கிங் டேப்பில் 192.168.0.50 என்று எழுதி ஒட்டியிருக்கிறது. உங்கள் மெஷினுக்கும் இன்றே ஒன்று ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். அடுத்த முறை ரௌட்டர் மாற்ற வருகிறவர் கிளம்பும் முன், ஃபோல்டரைத் திறந்து ஒரு பில் அடித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.