கியர் விழவில்லையா? பதறாதீர்கள்!

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! காரை விரட்டி ஏறிவிட்டீர்கள். மேலே போனதும் கியர் விழ மறுக்கிறது. "கியர் பாக்ஸ் போச்சு!" என்று பதறாதீர்கள்.

சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்கள். என்ஜினை அணையுங்கள். கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள்.

இப்போது எளிதாக விழுகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் கிளட்சில்தான். கிளட்ச் ஆயில் குறைந்திருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம்.

அணைத்த பிறகும் விழவில்லையா? கியர் கேபிளையோ கியர் பாக்ஸையோ பார்க்க வேண்டும். ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கறகறக்கிறதா? அதன் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம்.

ஆனால், இந்த நிலையில் மலை இறங்காதீர்கள்! சிறிய கியர் இல்லாவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான். சூடேறினால் அதுவும் கைவிடும்.

கண்டதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வீண் செலவு மிச்சம், உயிரும் பத்திரம்!