வெண்மையைத் தேடிய மண்கலங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்புக்குச் சான்று தந்த ஊராக 2022-இல் அறியப்பட்டது. அங்கே கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்கள் எந்தக் கண்ணாடிப் பூச்சும் இல்லாதவை. கலத்தைக் கவிழ்த்து அடுக்கி, உட்புறத்துக்கும் வாய்ப்பகுதிக்கும் காற்று எட்டாமல் செய்து அவற்றைக் கருக்கியும், காற்றுப் படும் வெளிப்புறத்தைச் சிவக்க விட்டும் இவ்வகைக் கலங்கள் சுடப்பட்டன என்பதே தொல்லியலாளர் பொதுவாகத் தரும் விளக்கம். தமிழகக் குயவர்கள் நிறத்தை நெருப்பிலிருந்தே பெற்றுவந்த நிலையில், மேற்காசியக் குயவர்கள் வேறொரு வழியில் சென்று, வெள்ளீயத்தின் துணையால் மண்ணை வெளுக்கச் செய்தனர்.

மெருகு எனப்படுவது, மணலில் உள்ள சிலிக்காவைக் காரீயமோ தாவரச் சாம்பலோ இளக்கியாகச் சேர்த்து உருக்கிக் கலத்தின் மேல் படியவைக்கும் மெல்லிய கண்ணாடிப் படலம். அது ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் அடியிலுள்ள மண்ணின் நிறமே வெளித்தெரியும். அதனோடு நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தால், நுண்ணிய படிகங்கள் கண்ணாடிக்குள் பரவி நின்று, உள்ளே புகும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 ஆகவும் வெள்ளீய ஆக்சைடினுடையது ஏறத்தாழ 2 ஆகவும் இருப்பதே இதற்குக் காரணம். செம்மண் கலமும் பால்போல் வெளுத்துவிடுகிறது.

எகிப்திலும் சிரியாவிலும் 8-ஆம் நூற்றாண்டில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த மஞ்சள் மெருகாகத் தொடங்கிய இந்த உத்தி, 9-ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பாஸ்ரா நகரில் தூய வெண்மையை எட்டியது. சீனத்திலிருந்து கடல்வழி வந்த வெள்ளைக் கலங்கள் அங்கே பெரிதும் விரும்பப்பட்டன. அவற்றைச் செய்யத் தேவையான வெண்களிமண்ணும் கடுஞ்சூட்டுச் சூளைகளும் இல்லாத பாஸ்ராக் குயவர்கள், உள்ளூர் மண்ணின் மேல் வெள்ளீய மெருகைப் பூசி அதே தோற்றத்தை உண்டாக்கினர். அதன்மேல் கோபால்ட்டைக் கொண்டு நீலச் சித்திரமும் தீட்டினர். சீனத்தைப் பார்த்துச் செய்ய முனைந்தவர்கள் சீனத்தில் அதுவரை பரவியிராத நீல-வெள்ளை அழகுக்கு வழிவகுத்தனர் என்பதால், இதை வெறும் நகலெடுப்பு என்று தள்ளுவது பொருந்தாது.

ஈராக்கில் வெள்ளீயம் கிடையாது. அரபுப் புவியியலாளர்கள் வெள்ளீயத்துக்குப் பேர்போன இடமாகக் குறிப்பிடும் கலா, மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையைச் சார்ந்தது. அதே வெள்ளீய மண்டலத்தில், இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரின் காப்பில் விடப்பட்ட குளமொன்றைப் பற்றிக் கூறும் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. அவ்வணிகர்கள் வெள்ளீயம் ஏற்றினார்கள் என்று அக்கல்வெட்டு சொல்லவில்லை. ஆயினும் அந்தக் கடற்பாதையில் தமிழர்கள் காலூன்றியிருந்தமைக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. திருக்கேதீச்சரம் அமைந்த இலங்கையின் மாந்தைத் துறையில் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்வெல் 1980 முதல் 1984 வரை நடத்திய அகழாய்வில், சீனக் கலங்களும் மேற்காசிய மெருகுக் கலங்களும் கிடைத்தன. உள்நாட்டுப் போரால் அப்பணி நின்றுபோனது பேரிழப்பு.

மெருகுக் கலங்கள் இத்தனை அருகில் வந்தும் தமிழ்க் குயவர்கள் வெள்ளீய மெருகைக் கைக்கொள்ளவில்லை. அதற்கு இருமுறை சுடவேண்டும், அரிய உலோகம் வேண்டும், கண்ணாடிக் கலவை அறிந்த தனிக் கைவினைஞர் வேண்டும். நீரைக் கசியவிட்டுக் குளிர்விக்கும் பானைக்கோ மெருகே தடையாகும். வெள்ளீயக் கலத்தில் சித்திரம் எழுதுவதும் எளிதன்று: முதல் சூட்டுக்குப் பின் மெருகுக் குழம்பில் தோய்த்து உலர்த்திய பரப்பு தூரிகையின் ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால், இட்ட கோட்டை அழித்துத் திருத்த முடியாது. இன்னொரு படி மேலே சென்ற பாஸ்ராக் குயவர்கள், வெள்ளி, செம்புச் சேர்மங்களைத் தீட்டி, காற்றுக் குறைந்த புகைச் சூளையில் மூன்றாம் முறை சுட்டுப் பொன்போன்ற மினுக்கத்தைப் பெற்றனர். நெருப்புக்குக் காற்றை மறுத்து நிறத்தைப் பெறும் இதே அறிவு, மயிலாடும்பாறைக் கலங்களிலும் செயல்பட்டிருப்பது வியப்புக்குரியது.

வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின், இத்தாலி வழியே பரவிய இக்கலை, இத்தாலியக் குயவர்களால் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட்வெர்ப்புக்கும், பின்னர் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகருக்கும் சென்றது. மிங் அரசு 1644-இல் வீழ்ந்து சீனப் பீங்கான் வரத்து தடைபட்டபோது டெல்ஃப்ட் நீலக் கலங்கள் செழித்தன. அதே ஒல்லாந்தர்கள்தாம் பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பி, 1658-இல் நாகப்பட்டினத்தையும் பிடித்துத் துணி வணிகம் நடத்தினர். ஜெர்மனியின் மெய்சனில் 1710-இல் உண்மையான பீங்கான் ஆலை தொடங்கியபின் வெள்ளீயக் கலங்களின் செல்வாக்கு தேய்ந்தது.

விலைமிகுந்த வெள்ளீய ஆக்சைடின் இடத்தை 20-ஆம் நூற்றாண்டில் சிர்க்கான் என்னும் கனிமம் பிடித்தது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.9 என்பதால் ஒளியைச் சிதறடிக்கும் வேலையை அதுவும் செய்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் புதிதாக எழும் வீடுகளின் குளியலறைச் சுவர்களில் ஒட்டப்படும் வெள்ளை டைல்ஸ் போன்றவற்றின் வெண்மைக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது இந்தக் கனிமமே. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில், மத்திய அரசின் அருமண் நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறது.