பிரேக் பிடிச்சா மோட்டார் நிக்கணும்!

முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி.

சாதாரண சைக்கிளில் பிரேக் பிடிக்கும்போது உங்கள் கால் என்ன செய்யும்? யோசிக்கவே வேண்டாம், மிதிப்பதை நிறுத்திவிடும். கையும் காலும் ஒரே மூளையின் பேச்சைக் கேட்பவை. ஆனால் அதே சைக்கிளில் பேட்டரியும் மோட்டாரும் மாட்டிவிட்டால்? நீங்கள் பிரேக் பிடித்த விஷயம் மோட்டாருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது! நாம சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்வதற்கு இரண்டு ஒயரும் ஒரு சின்ன சுவிட்சும் போதும். அதற்குப் பெயர் பிரேக் கட்-ஆஃப் சுவிட்ச். பிரேக் லிவரை லேசாக அழுத்தினாலே மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்தச் சொல்லும் சுவிட்ச் அது. நம்ம ஊரில் இப்போது நிறைய பேர் பழைய சைக்கிளில் மோட்டார் மாட்டி ஓட்டுகிறார்கள். ஆனால் இந்தச் சுவிட்சை மட்டும் பல பேர் மாட்டுவதே இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்க அப்பா சைக்கிளில் சுக்கு காப்பி விற்கிறார். பின்னால் கேரியரில் பெரிய கேன், முன்னால் கூடையில் கப். முட்டி வலி அதிகமானதால் போன வருஷம் பின் சக்கரத்தில் 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் மாட்டினோம். மோட்டாரை ஓட வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹேண்டில்பாரில் இருக்கும் ஆக்ஸிலேட்டரைத் திருகுவது. இன்னொன்று, பெடல் சென்சார். பெடலை மிதிக்க ஆரம்பித்தால் மோட்டாரும் தானாகச் சேர்ந்து தள்ளும். மாட்டிக் கொடுத்த கடையில் பிரேக் ஒயரை மட்டும் டேப் சுற்றி அப்படியே விட்டுவிட்டார்கள். “இது கம்பி பிரேக் வண்டி தம்பி, கிட்டில் வந்த லிவர் இதுக்கு செட் ஆகாது, தேவையும் இல்லை” என்றார்கள். செட் ஆகாது என்பது உண்மைதான். தேவையில்லை என்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஏன் தேவை? இரண்டு காரணம்.

முதல் காரணம் பெடல் சென்சார். பெடல் அச்சில் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதில் வரிசையாகச் சின்னச் சின்ன காந்தங்கள். பெடல் சுற்றும்போது ஒவ்வொரு காந்தமும் சென்சாரைக் கடந்து போகும். கன்ட்ரோலருக்கு ‘டக், டக்’ என்று சிக்னல் வரும். சிக்னல் வந்தால் மோட்டார் ஓடும். சரி, மிதிப்பதை நிறுத்தினால்? அடுத்த ‘டக்’ வருகிறதா என்று கன்ட்ரோலர் கொஞ்ச நேரம் காத்துப் பார்க்கும். வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மோட்டாரை நிறுத்தும். தகட்டில் காந்தம் குறைவாக இருந்தால் இந்தக் காத்திருப்பு இன்னும் நன்றாகவே தெரியும். அந்த இடைவெளியில் நீங்கள் பிரேக் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள், மோட்டார் தள்ளிக்கொண்டு இருக்கும்.

இரண்டாவது ஆக்ஸிலேட்டர். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மண், மழைத்தண்ணீர், ரப்பர் கிரிப் உரசுவது, இப்படி ஏதாவது ஒன்றால் அது திரும்பாமல் சிக்கிக்கொள்ளலாம். பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது அதே கை ஆக்ஸிலேட்டரையும் சேர்த்துத் திருகிவிடுவதும் உண்டு.

‘250 வாட்தானே, பிரேக் ஜெயிச்சுடும்’ என்று என் வகுப்பில் ஒருவன் சொன்னான். வேகமாகப் போகும்போது அவன் சொல்வது ஓரளவு சரி. ஆபத்து மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம், 11-ஆம் வகுப்பு இயற்பியல்தான். இப்படிப்பட்ட மோட்டார் கிளம்பும்போது 30 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 28 இன்ச் சக்கரத்தின் ஆரம் சுமார் 0.35 மீட்டர். வகுத்தால் சக்கரம் தரையைத் தள்ளும் விசை சுமார் 85 நியூட்டன். அப்பா, சைக்கிள், பேட்டரி, கேன் எல்லாம் சேர்ந்து 120 கிலோ என்றால் முடுக்கம் 0.7 மீட்டர்/நொடி². நின்றுகொண்டிருக்கும் வண்டி ஒரே நொடியில் 35 சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். அதாவது ஓர் அடிக்கு மேல்!

ஓர் அடிதானே என்று நினைக்காதீர்கள். சுக்கு காப்பி வாங்க வருகிறவர்கள் வண்டியை ஒட்டித்தான் நிற்பார்கள். சின்னப் பிள்ளைகள் சும்மா இருக்காமல் ஹேண்டில்பாரைத் திருகிப் பார்ப்பார்கள். கேனில் இருப்பதோ கொதிக்கும் காப்பி. வண்டி ஓர் அடி துள்ளினால் அது யார் மேல் கொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்தக் கணக்குப் போட்ட அன்றே ஒயரைத் தேட ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. பிரேக்கும் மோட்டாரும் மல்லுக்கட்டும்போது சக்கரம் சுற்றாமலே மோட்டாருக்குள் அதிகமான கரண்ட் போகும். மோட்டாரும் கன்ட்ரோலரும் சூடேறும். பிரேக் கட்டையும் வீணாகத் தேயும்.

சரி, சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது? பலரும் நினைப்பது போல மோட்டாருக்குப் போகும் கரண்ட் இந்தச் சுவிட்ச் வழியாகப் போவதில்லை. அது பத்து ஆம்பியருக்கும் மேலே போகும். இத்தனூண்டு சுவிட்ச் கருகிவிடும். கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு பிரேக் ஒயரில் ஒன்று எர்த், மற்றொன்றில் 5 வோல்ட் அளவில் சின்ன மின்னழுத்தம் இருக்கும். லிவரை அழுத்தினால் சுவிட்ச் இரண்டையும் சேர்த்துவிடும். அந்த 5 வோல்ட் பூஜ்யமாகிவிடும். ‘ஓ, பிரேக் பிடிச்சுட்டாங்க’ என்று கன்ட்ரோலர் புரிந்துகொண்டு மோட்டாரை நிறுத்தும். சுவிட்ச் வெறும் சேதி சொல்கிற ஆள், அவ்வளவுதான். முன் பிரேக்குக்கு ஒன்று, பின் பிரேக்குக்கு ஒன்று என இரண்டு சுவிட்ச் மாட்டி, இரண்டையும் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும். எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் மோட்டார் நின்றுவிடும். தொடர் இணைப்பில் சேர்த்தால் இரண்டையும் ஒன்றாகப் பிடித்தால்தான் நிற்கும், அது கூடாது.

உங்கள் சைக்கிளில் கேபிள் பிரேக் இருந்தால் வேலை சுலபம். கிட்டிலேயே சுவிட்ச் வைத்த லிவர் வரும். பழைய லிவரைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, கேபிளைக் கோத்து, கனெக்டரைச் செருகினால் முடிந்தது. சில லிவரில் இரண்டு ஒயருக்குப் பதில் மூன்று ஒயர் இருக்கும். அது ஹால் சென்சார் வகை, அதற்குத் தனியாக 5 வோல்ட் வேண்டும். உங்கள் கன்ட்ரோலர் இரண்டு ஒயர் வகை என்றால் அதை வாங்காதீர்கள்.

கம்பி பிரேக்தான் சிக்கல். ஆனால் தீர்வு இருக்கு. முன் பிரேக்குக்கு நான் காந்தச் சுவிட்ச் வைத்தேன். ஒரு சின்னக் காந்தம் லிவரில், சென்சார் ஹேண்டில்பாரில். லிவர் அசையும்போது காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் மாறும், உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்னால் துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கணும். இல்லேன்னா முதல் மழையிலேயே காந்தம் கழன்று விழுந்துடும். ஒட்டிய பிறகு மேலே ஒரு கேபிள் டையும் போட்டேன்.

பின் பிரேக்குக்கு இன்னும் நல்ல வழி கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் பின் பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு எரியுமே, அதற்கு ஒரு ஸ்பிரிங் சுவிட்ச் இருக்கும். ஸ்பிரிங்கை இழுத்தால் ஆன், விட்டால் ஆஃப். டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள், விலையும் குறைவு. அதன் உடம்பை சைக்கிள் ஃபிரேமில் கிளாம்ப் போட்டு மாட்டி, ஸ்பிரிங் நுனியைப் பின் பிரேக் கம்பியில் கொக்கி போட்டுவிட்டேன். பிரேக் பிடிக்கும்போது கம்பி எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சுவிட்ச் இருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங் இழுபடும். காந்தத்தைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மண்ணுக்கும் தண்ணிக்கும் நடுவில் வேலை செய்வதற்காகவே செய்த பொருள் அது.

இனி ஒயர். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், கிட்டுக்குக் கிட்டு மாறும். கிட்டுடன் வரும் தாளைப் பார்த்து பிரேக் கனெக்டர் எது என்று உறுதி செய்யுங்கள். சில கன்ட்ரோலரில் ‘ஹை பிரேக்’ என்று இன்னொரு ஒற்றை ஒயர் இருக்கும். அது வெளியிலிருந்து 12 வோல்ட் போல மின்னழுத்தம் வந்தால் நிறுத்துகிற வகை. நமக்கு வேண்டியது அது இல்லை, டேப் சுற்றி விட்டுவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பேட்டரியின் 36 வோல்ட்டை 5 வோல்ட் பிரேக் ஒயரில் தொடவிடக் கூடாது. கன்ட்ரோலர் போய்விடும். ஹேண்டில்பார் பக்கம் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். முழுசாகத் திருப்பும்போது இழுபடக் கூடாது. கனெக்டரின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்து இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்காது.

இப்போதுதான் முக்கியமான வேலை வருகிறது: அளவு வைப்பது. பிரேக் கட்டை ரிம்மைத் தொடுவதற்கு முன்னாலேயே சுவிட்ச் ஆன் ஆகிவிட வேண்டும். எங்கள் சைக்கிளில் லிவர் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்த பிறகுதான் கட்டை ரிம்மைத் தொடும். ஆகவே அரை சென்டிமீட்டரில் ஆன் ஆகும்படி வைத்தேன். சுவிட்சை மல்டிமீட்டரில் மாட்டி ‘பீப்’ சத்தம் வரும் நிலையில் வைத்துக்கொண்டு, லிவரை மெதுவாக அழுத்திப் பார்த்தால் துல்லியமாகத் தெரியும். ரொம்பவும் நுணுக்கமாக வைத்தால் பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் மோட்டார் நின்று நின்று போகும். ஓட்டுகிறவர் கோபத்தில் ஒயரையே பிடுங்கிவிடுவார்!

சோதிக்கும்போது பின் சக்கரம் தரையைத் தொடாமல் ஸ்டாண்டு போட்டு, ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகி, முன் லிவரை மட்டும் தொடுங்கள். மோட்டார் சத்தம் நிற்க வேண்டும். பிறகு பின் லிவரை மட்டும். பின் கட்டை இன்னும் ரிம்மைத் தொடாததால் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். ‘நிக்கலையே’ என்று பயப்பட வேண்டாம், சத்தத்தைக் கேளுங்கள். இன்னொரு விஷயம்: ஆக்ஸிலேட்டரைத் திருகியபடியே பிரேக்கை விட்டால் பல கன்ட்ரோலரில் மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும். ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டால் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே சாவியை ஆஃப் செய்ய வேண்டும். இதை அப்பாவிடம் மூன்று தடவை செய்து காட்டச் சொன்னேன்.

எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் என்ன நடக்கிறது? பிரேக் குழாயில் இருக்கும் காற்று வெளியேறுகிறது, உடனே பிரேக் பிடிக்கிறது. குழாயே அறுந்துபோனாலும் அதேதான், ரயில் நின்றுவிடும். கெட்டுப்போனால் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். நம்ம சுவிட்ச் நேர் எதிர். ஒயர் அறுந்துபோனால் கன்ட்ரோலருக்கு எதுவுமே தெரியாது. மோட்டார் எப்போதும் போல ஓடும். சுவிட்ச் போய்விட்டது என்று நமக்கும் தெரியாது. அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். ஆகவே தினமும் கிளம்பும் முன்பு ஒரு தடவை அந்த ஸ்டாண்டு சோதனை. பத்து நொடி போதும்.

இது பிரேக் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சுவிட்ச் தள்ளுவதை நிறுத்தும், வண்டியை நிறுத்தாது. கட்டை தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். மோட்டாரும் பேட்டரியும் ஏறிய வண்டி இன்னும் கனம்.

அப்பா இப்போது காப்பி ஊற்றும்போது சாவியை ஆஃப் செய்துவிடுகிறார். கூட்டத்தில் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று, பழைய ட்யூபில் வெட்டிய ஒரு ரப்பர் வளையத்தையும் ஹேண்டில்பாரில் கோத்து வைத்திருக்கிறோம். வண்டியை நிறுத்தியதும் அதை முன் லிவரின் மேல் மாட்டிவிடுவார். லிவர் அழுந்தியே இருக்கும். பிள்ளைகள் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகினாலும் சக்கரம் அசையாது.

நம்ம பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் மோட்டார் வைத்த சைக்கிள் நான்கு நிற்கிறது. அதில் மூன்றில் பிரேக் ஒயர் டேப் சுற்றித் தொங்குவதைப் பார்த்தேன். இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் மல்டிமீட்டரை வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ள சார் அனுமதி தந்திருக்கிறார். அந்த மூன்று பேரும் வாங்க. கிட்டுடன் வந்த தாளையும், கழற்றிப் போட்ட லிவர் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வாங்க.

- 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்