காதைப் பழக்குவோம்: இலவசமாகக் கேட்கக்கூடிய நிகழ்ச்சிகள்



"ரீச்சர், ஊரில ஏ.எல். வரைக்கும் இங்கிலிஷ் படிச்சனான். இஞ்ச வைத்தியர் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை" என்று எங்களிடம் வருகிற பலர் சொல்கிறார்கள். ஊரில் ஆசிரியராக இருந்த நானும் பிரித்தானியா வந்த புதிதில், பஸ் சாரதி கேட்ட கேள்விக்குச் சும்மா தலையாட்டியிருக்கிறேன். நாங்கள் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள். இனிக் காதால் படிக்க வேணும். அதற்குக் காசு தேவையில்லை.

1. சிக்ஸ் மினிட் இங்கிலிஷ். இது பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் இணையத்தளத்தில் உள்ள பொட்காஸ்ட். ஆறு நிமிடம், இரண்டு பேர் கதைப்பார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு, முடிவில் விடை சொல்வார்கள். ஆறு புதிய சொற்களையும் விளக்குவார்கள். பேசியது முழுவதும் எழுத்திலும் கிடைக்கும். முதல் தரம் எழுத்தைப் பாராமல் கேளுங்கள். இரண்டாம் தரம் பார்த்துக் கேளுங்கள். மூன்றாம் தரம் அவர்களோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு நிகழ்ச்சியை மூன்று நாள் கேட்பது, மூன்று நிகழ்ச்சியை ஒரே நாளில் கேட்பதைவிட நல்லது.

2. உங்கள் பகுதி பிபிசி வானொலி. பனி கொட்டினால் எந்தப் பாடசாலை பூட்டு, எந்த வீதி தடை என்று சொல்வார்கள். அந்த ஊர் உச்சரிப்பும் பழகும்.

3. தி ஆர்ச்சர்ஸ். 1951 இல் தொடங்கி, இப்போது ரேடியோ 4 இல் வருகிற கிராமத்து நாடகம். போருக்குப் பின் விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லிக் கொடுக்கவும் பயன்பட்டது. தொடக்கத்தில் கடினம். ஆனால் வீட்டுக்குள் சனம் எப்படிக் கதைக்குது என்று பிடிபடும்.

தமிழோசையைத் தேடுகிறவர்களுக்கு: 1941 இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 இல் நின்றுவிட்டது. பிபிசி தமிழ்ச் செய்திகள் இணையத்தில் உண்டு.

போனில் டேட்டா இல்லையென்றால் நூலகத்தின் இலவச வைபையில் தரவிறக்கி, அறையில் கேளுங்கள். வானொலி கேட்க லைசன்ஸ் வேண்டாம். அது 1971 இலேயே நீக்கப்பட்டது. ஆனால் நேரலைத் தொலைக்காட்சிக்கும் பிபிசி ஐபிளேயருக்கும் லைசன்ஸ் வேணும், போனில் பார்த்தாலும்தான்.

இரண்டு விஷயம் கவனம்

ஆங்கிலம் கொஞ்சம் விளங்கத் தொடங்கியதும், ஹோம் ஒபிஸ் நேர்காணலில் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் கதையைத் தமிழில், முழுமையாகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்வது உங்களுக்கு விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். ஒரு சொல் மாறினால், பிறகு "முன்னுக்குப் பின் முரண்" என்று எழுதிவிடுவார்கள்.

மற்றது, வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவுகள். "இப்பிடிச் சொன்னால் விசா கிடைக்கும்" என்று யாரோ சொல்வதை நம்பி உங்கள் வழக்கைக் கெடுக்காதீர்கள். சொலிசிட்டரிடம் அல்லது பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் மட்டும் கேளுங்கள்.

எழுத்து வாசிக்கக் கஷ்டமானவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்திருந்து கேட்போம். இண்டைக்கு ஆறு நிமிடம் போதும்.